வாசலோடு நின்றுவிடும் தப்பு

மலையகத்துப் பாடசாலைகளில் 'இருமொழிக் கலாசாரச் செயலமர்வு' என்ற பதாகையை அடிக்கடி காணலாம். சிங்கள மொழிமூல மாணவரும் தோட்டப் பாடசாலை மாணவரும் ஒன்றாக அமர்ந்து வெசாக் கூடு கட்டுவார்கள், கோலம் போடுவார்கள். முடிவில் குழுப்படம் எடுப்பார்கள். நல்ல முயற்சிதான். ஆயினும் பல ஆண்டுகளாக இவற்றைப் பத்திரிகைக்காகப் பார்த்து எழுதியவன் என்ற முறையில் ஒரு கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. பிரதம அதிதியை வரவேற்கும் தப்பு, மண்டபத்துக்குள் மட்டும் ஏன் வருவதில்லை?

தோட்டத்து வாழ்வில் தப்பு இல்லாத இடம் எது? அன்று பெரட்டுக்கு ஆள் திரட்டியது அது. மாசி மாதக் காமன் கூத்தில் ரதியையும் மன்மதனையும் ஆட வைப்பது அது. திருவிழாவுக்கும் அதுதான், இறுதி ஊர்வலத்துக்கும் அதுதான். அப்படியிருந்தும் 'தமிழர் கலை' என்று மேடையேற்றும்போது பரதத்தைத் தேடிப்போகிறோம். காரணம் யாவரும் அறிந்ததே. தப்படிப்பது இன்ன சாதிக்கு உரியது என்ற எண்ணம் நம் மூதாதையரோடு கடல் கடந்து வந்து, லயத்துக்குள்ளும் குடியேறிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஹற்றன் பக்கத்தில் நடந்த ஒரு செயலமர்வில் இதற்கு விதிவிலக்கைக் கண்டேன். அன்று கடும் பனிமூட்டம். ஈரத்தில் தோல் தளர்ந்து தப்பின் நாதம் அடங்கியிருந்தது. முதிய கலைஞர் காய்ந்த மானாப்புல்லை மூட்டித் தப்பைச் சூடு காட்டினார். எதற்காக என்று ஒரு சிங்கள மாணவன் கேட்டான். தோட்டத்துச் சிறுமி ஒருத்தி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினாள். சொல் கிடைக்காத இடத்தில் தப்பின் தோலைத் தட்டிக் காட்டினாள். அவன் உடனே, தங்கள் விகாரையில் தம்மெட்டம என்ற இரட்டை முரசு உண்டு, அதையும் இரு குச்சிகளால்தான் அடிப்பார்கள் என்றான். நமது தம்பட்டம் என்ற சொல்லுக்கு எவ்வளவு நெருக்கமான ஒலி!

"தடிச்ச குச்சி இந்தக் கையில, நீளக் குச்சி அந்தக் கையில. புடிங்க தம்பி" என்றார் பெரியவர். சிங்களப் பிள்ளைகள் முண்டியடித்தனர். நம் பிள்ளைகளில் சிலரோ ஒதுங்கி நின்றனர். "வீட்டில் ஏசுவார்கள்" என்று ஆசிரியர் ஒருவர் என் காதில் சொன்னார். அந்த மண்டபத்தில் தடையாக நின்றது மொழி அல்ல.

1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. ஒரே லயத்து உறவுகள் இரு நாடுகளாகப் பிரிந்தபோது கூத்துக் குழுக்களும் கலைந்தன. எஞ்சியதை நாமே வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்? கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயன் அறைகளிலேயே 2007 இல் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டது. இரு மொழி மாணவரையும் அங்கே அழைத்துச் செல்லலாம். ஆனால் தப்பு முழுவதுமாகக் காட்சிப்பொருளாகிவிடும் காலம் இன்னும் வரவில்லை. அதை அடிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டம் தந்த அந்தச் சமத்துவத்தைக் கலைஞனுக்கு நாம் தர வேண்டாமா? ஏற்பாட்டாளர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த செயலமர்வில் தப்புக் கலைஞரை வளவாளர் பட்டியலில் சேருங்கள். நடன ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவை அவருக்கும் கொடுங்கள். அதிதிகளோடு அமர்த்தி உணவு பரிமாறுங்கள். பிறகு எல்லாப் பிள்ளைகளின் கையிலும், ஒருவர் விடாமல், அந்த இரு குச்சிகளையும் கொடுங்கள். வீட்டில் ஏசினால், சேர் சொன்னார் என்று பிள்ளைகள் சொல்லட்டும்.