நினைவகமும் நினைவும்

கணினியின் வேகத்தைப் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இக்கட்டுரை பொறியியல் நுட்பங்களை விளக்குவதற்காக எழுதப்படுவதன்று. வீட்டிலிருந்த பழைய கணினியொன்றை விரைவுபடுத்த முயன்று, அம்முயற்சியில் ஓரளவு வெற்றியும் ஈடுசெய்ய இயலாத இழப்பும் கண்டவன் என்ற வகையில், அவ்வநுபவத்தைப் பகிர்ந்துகொள்ளவே விழைகின்றேன்.

2022ஆம் ஆண்டின் முற்பகுதியை நம்மில் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. வன்னியிலுள்ள எமது வீட்டில் இருந்ததோ அண்ணர் 2010இல் வாங்கிய மேசைக் கணினி. விண்டோஸ் 7 இயங்குதளமும் 1 கிகாபைற் முதன்மை நினைவகமும் கொண்டது. நாட்டார் வழக்காற்றியல் பாடத்துக்கான கள ஆய்வு ஒப்படையை அதிலேதான் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. மின்சாரம் தங்கும் சில மணி நேரத்தில், கணினி எழும்புவதற்கும், ஒரு கோப்பிலிருந்து மறுகோப்புக்குத் தாவுவதற்கும் காத்திருந்தே பொழுது கழிந்தது. புதிய உதிரிப்பாகம் வாங்குவது பற்றி அப்பாவிடம் வாய்திறக்க மனம் கூசியது.

அந்நிலையில், விடுதி நண்பன் ஒருவன் தொலைபேசியில் றெடிபூஸ்ட் பற்றிக் கூறினான். 2007இல் விண்டோஸ் விஸ்ராவுடன் பொதுப் பாவனைக்கு வந்த வசதி அது. பென் டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தைக் கணினிக்குத் துணை நினைவாக ஒப்படைத்துவிடலாம்.

இதன் தத்துவம் எளிமையானது. முதன்மை நினைவகம் சிறிதாக இருக்கும்போது, சற்றுமுன் பயன்படுத்தியவற்றையும் கணினி வெளியே தள்ளிவிட்டு, பின்னர் வன்தட்டிலிருந்து மீண்டும் எடுத்துவர நேர்கிறது. நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டு ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் ஆகும். வாசிக்கும் கரமும் உரிய இடத்துக்கு நகர வேண்டும். அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சிறு துணுக்குகளைத் தேடும்போது இத்தாமதம் ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது. ஃபிளாஷ் நினைவகத்திலோ அசையும் உறுப்பு எதுவுமில்லை. நல்ல பென் டிரைவ் எனின் ஒரு மில்லிசெக்கனுக்குள் கேட்டதைத் தந்துவிடும். ஆயினும் நீண்ட கோப்பொன்றைத் தொடர்ச்சியாக வாசிப்பதில் வன்தட்டே விரைவானது. எனவே சிதறிய சிறு தேவைகளைப் பென் டிரைவிடமும் பெரியவற்றை வன்தட்டிடமும் றெடிபூஸ்ட் விட்டுவிடுகின்றது. நெல் மூடை அறைக்குள் கிடக்கலாம், கடுகும் சீரகமும் அடுப்பருகே இருக்க வேண்டும் என்ற எம் தாய்மாரின் ஒழுங்கே இதுவும்.

என்னிடம் 8 கிகாபைற் பென் டிரைவ் ஒன்று இருந்தது. அது வடிவமைக்கப்பட்டிருந்த பழைய முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைற்றை விஞ்ச இயலாது. முழுவதையும் பயன்படுத்த வேண்டுமாயின் வேறு முறையில் மீள வடிவமைத்தல் வேண்டும். மின்வெட்டுக்கு அரைமணி நேரமே இருந்தது. உள்ளே என்ன உண்டு என்று பாராமலே வடிவமைத்து, ஏழு கிகாபைற்றை றெடிபூஸ்ற்றுக்கு ஒதுக்கினேன். கணினி எழும்பும் நேரம் பெரிதும் குறையவில்லை. ஆனால் முன்னர் ஒன்றரை நிமிடம் காக்கவைத்த சொற்செயலி முப்பது, நாற்பது செக்கனில் மீளத் திறந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

மூன்று வாரங்களின் பின், ஒப்படையின் பின்னிணைப்புக்காகப் பாடல்களை எழுத்தில் வடிக்க அமர்ந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. அம்மம்மா பாடிய அருவிவெட்டுப் பாடல்களும் தாலாட்டுகளுமாகப் பதினொரு ஒலிப்பதிவுகள் அந்தப் பென் டிரைவிலேயே இருந்தன. கைத்தொலைபேசியில் இடம் போதாமையால் அங்கிருந்து அவற்றை முன்னரே அழித்துவிட்டிருந்தேன். விரைவு வடிவமைப்பு கோப்புகளின் அட்டவணையை மட்டுமே அழிக்கும் என்பதையும், அவற்றின் மேல் வேறொன்று எழுதப்படாதவரை மீட்டெடுக்கலாம் என்பதையும் பின்னர் அறிந்தேன். எனது விடயத்திலோ, மேலே எழுதியது நான் விரும்பி அழைத்த அந்த வேகமே. நகரத்துக் கணினித் திருத்துநர் ஒருவர் அரும்பாடுபட்டு இரண்டு பாடல்களை மீட்டுத் தந்தார்.

ஃபிளாஷ் நினைவகத்தின் வரலாற்றை அதன் பின்னரே தேடிப் படித்தேன். யப்பானியப் பொறியியலாளர் புஜியோ மசுவோகா, தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில் 1984இல் இதனை உலகுக்கு வெளிப்படுத்தினார். அதன் பெயர் வாசிக்கும் வேகத்தினால் வந்ததன்று. ஒரு பெரும் பகுதியை ஒருசேர அழித்துவிடும் தன்மை கமராவின் ஒளிவீச்சை நினைவூட்டியமையால், உடன் பணியாற்றிய ஒருவர் அப்பெயரைச் சூட்டினார். அழித்தலே அதன் பெயர்க் காரணம் என்பதை அறிந்தபோது சிறிது நேரம் வாளாவிருந்தேன்.

இங்கு மனங்கொள்ளத்தக்க மற்றோர் உண்மையும் உண்டு. றெடிபூஸ்ட் பென் டிரைவில் வைப்பவை அனைத்தும் நகல்களே. ஒவ்வொன்றின் மூலமும் வன்தட்டில் இருக்கும். கணினி இயங்கிக்கொண்டிருக்கையிலேயே பென் டிரைவைப் பிடுங்கினாலும் எதுவும் தொலைந்துவிடாது. கழற்றக்கூடிய ஒன்றிடம் மூலத்தை ஒப்படைக்கலாகாது என்ற எச்சரிக்கை அவ்வியந்திரத்துக்கு இருந்தது. எனக்கு இருக்கவில்லை.

இன்று திண்மநிலைச் சேமிப்பகம் பொருத்திய கணினிகளில் றெடிபூஸ்ற்றுக்கு வேலையில்லை. கணினி போதிய வேகமுடையது எனக் கூறி விண்டோஸே அதனை மறுத்துவந்தது. அன்று துணைக்கு வந்த ஃபிளாஷ் நினைவகம் இன்று வன்தட்டின் இடத்தையே பிடித்துவிட்டது. அதில் அழிந்தவற்றை மீட்பது முன்னையிலும் அரிது. ஆதலின் நகலெடுத்து வைக்கும் கடமை குறையவில்லை, கூடியே உள்ளது.

நடந்ததை அம்மம்மாவிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "இடம்பெயரேக்க விட்டிட்டு வந்ததுகளைவிடவா இது பெரிசு?" என்று கேட்டு, அன்று பின்னேரமே பாடத் தொடங்கினார். ஒன்பதில் ஏழு திரும்பி வந்தன. ஓரிரு அடிகள் மாறியிருந்தன. இருமலுக்காக இடையிடையே நிறுத்தவும் வேண்டியிருந்தது. ஏனைய இரண்டின் முதலடிகூட அவருக்கு நினைவுக்கு வரவில்லை. வேறெவரும் அவற்றைப் பாடி நான் கேட்டதுமில்லை.

அந்த ஒன்பது பாடல்களும் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. ஒப்படையின் பின்னிணைப்பில் இரண்டு எண்களுக்கு எதிரே, பாடல் கிடைக்கவில்லை என்று மாத்திரம் எழுதினேன். காரணத்தை அங்கு எழுதத் துணிவு வரவில்லை. இங்கு எழுதியுள்ளேன்.