ஒரே கதவிலக்கம், முந்நூறு குடித்தனம்

அப்பா இளவயதில் நண்பர்களோடு நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் பதினொரு இதழ்கள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. அவற்றை ஸ்கேன் செய்து ஓர் இணையதளத்தில் ஏற்றினேன். முதல் ஆண்டு கட்டணம் ஆயிரத்துச் சொச்சம். மறு ஆண்டு புதுப்பிக்கச் சொல்லி வந்த பில்லில் அது மூன்று மடங்கு. பணத்தைக் கட்டிவிட்டேன், மனம் ஆறவில்லை. எதற்காகக் கட்டுகிறேன்? அப்பாவின் எழுத்து இப்போது எந்த ஊரில், யாருடைய இயந்திரத்தில் இருக்கிறது?

பில்லில் இரண்டு வரிகள் இருந்தன: டொமைன், ஹோஸ்டிங். டொமைன் என்பது தளத்தின் பெயர். அதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் நம் பேருக்குப் பதிந்து வைக்கிறோம், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அதற்குக் காசே கிடையாது. 1995 செப்டம்பரில்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வாங்கத் தொடங்கியது. ஹோஸ்டிங் என்பது கோப்புகள் குடியிருக்கும் இடத்துக்கான வாடகை. என் தேடல் அந்த வாடகை வீட்டைப் பற்றியது.

தளம் இருக்கும் இயந்திரத்தின் இணைய எண்ணான ஐபி முகவரியைப் பார்த்தேன். அது அமெரிக்காவில் இருக்கும் ஒரு டேட்டா சென்டரைக் காட்டியது. நான் பணம் கட்டியதோ கோயம்புத்தூரில். நிறுவனத்தை நடத்தும் இளைஞருக்குப் போன் செய்தேன். "சர்வர் எங்களோடது இல்லீங்க சார். பெரிய கம்பெனிகிட்ட மொத்தமா எடுத்துப் பிரிச்சுக் குடுக்கறோம்" என்றார். இத்தொழிலில் இவர்களை ரீசெல்லர் என்கிறார்கள். அந்தப் பெரிய கம்பெனியும் தன் இயந்திரங்களை இன்னொருவர் கட்டிய டேட்டா சென்டரில், மின்சாரத்துக்கும் குளிரூட்டலுக்கும் வாடகை கொடுத்து வைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னார். வாடகைக்குள் வாடகை.

ஓர் ஐபி முகவரியில் என்னென்ன தளங்கள் இருக்கின்றன என்று காட்டும் கருவிகள் உண்டு. என் எண்ணைக் கொடுத்தேன். முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்து விழுந்தன. நகைக்கடை, நர்சரிப் பள்ளி, ஜோதிடர், அப்பாவின் பத்திரிகை, எல்லாருக்கும் ஒரே எண். அப்படியானால், வாசகர் ஒருவர் வரும்போது எந்தத் தளத்தைக் காட்ட வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது?

இதற்கு விடை தேடித்தான் பழைய ஆவணங்களுக்குள் போனேன். உலகின் முதல் வலை சர்வர், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினி. இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதிய சீட்டு அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. தொடக்க கால விதிப்படி, உலாவி சர்வரிடம் வந்து எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டுமே கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி எண் தேவைப்பட்டது. அன்றைய முறையில் அந்த எண்களோ மொத்தமே சுமார் 429 கோடிதான்.

1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 விதித்தொகுப்பு ஒரு வரியைக் கட்டாயமாக்கியது. உலாவி தான் தேடிவந்த தளத்தின் பெயரை 'ஹோஸ்ட்' என்ற வரியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சர்வர் 400 என்ற பிழையைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஐபி எண்களை மிச்சப்படுத்துவது இதன் நோக்கங்களில் ஒன்று என்று அந்த ஆவணத்தின் பின்னிணைப்பே சொல்கிறது.

திருவல்லிக்கேணியின் ஒண்டுக்குடித்தன வீடுகளை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். கதவிலக்கம் ஒன்று, உள்ளே எட்டுக் குடும்பம். கடிதத்தில் பெயர் இருந்தால்தான் உரியவர் கைக்குப் போய்ச் சேரும். இணையத்தில் அந்தப் பெயரை எழுதவைத்தது இந்த வரிதான். 1995-இல் வந்த அப்பாச்சி என்னும் இலவச சர்வர் மென்பொருளும், 1996-இல் வந்த சிபேனலும் இதோடு சேர்ந்துகொண்டன. நிபுணர் துணையின்றி, வாடகைக்கு இருப்பவரே கோப்புகளை ஏற்றி நிர்வகிக்க சிபேனல் வழிசெய்தது. என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை இப்படித்தான் பிறந்தது.

கணக்கு எளிது. பெரும்பாலான தளங்களுக்குப் பெரும்பாலான நேரம் யாரும் வருவதில்லை. அந்தத் துணிவில் இருக்கும் இடத்தைவிட அதிகமாக விற்கிறார்கள். ஒரு தளத்தில் கூட்டம் கூடினால் மற்றவை திணறும். பொதுக்குழாயில் ஒருவர் அண்டா வைத்துவிட்டதைப் போல. கட்டணம் ஏன் ஏறியது என்றும் அந்த இளைஞரிடம் கேட்டேன். "முதல் வருஷம் ஒண்ணும் நிக்காதுங்க. ரினியூவல்லதான் கடை ஓடுது" என்றார். வீடு மாறும் அலுப்பும் இந்த வியாபாரத்தின் மூலதனம்.

99.9 சதவீதம் தளம் இயங்கும் என்ற உறுதி பல விளம்பரங்களில் உண்டு. அதன்படியே ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் தளம் முடங்கலாம். அந்த உறுதி இயக்கத்தைப் பற்றியது. கோப்புகள் அழியாது என்று அது சொல்லவில்லை. பேட்டைகளின் பெயரில் இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸை 1999-இல் யாஹூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. எத்தனையோ பேரின் பக்கங்கள் தன்னார்வலர்கள் எடுத்த நகல்களால்தான் பிழைத்தன. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்தது. சுமார் 36 லட்சம் தளங்கள் முடங்கியதாக இணையத்தைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. வேறிடத்தில் பேக்கப் வைக்காத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

தேடி முடித்த அன்றே இரண்டு காரியம் செய்தேன். டொமைன் என் பெயரிலும் என் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்தேன். முழுத் தளத்தையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கை என் மேசையிலும் இன்னொன்றைத் தங்கை வீட்டிலும் வைத்தேன். உங்களுக்கும் ஒரு தளம் இருந்தால் இந்த இரண்டையும் இன்றே செய்துவிடுங்கள். வாடகை வீட்டில் வாழலாம்; பத்திரத்தை அங்கே விட்டுவைக்கக் கூடாது.