குறுக்கு வழி

காஞ்சிபுரத்தில் ஒருவன் காரணமில்லாமல் ஓடினால் ஊர் சும்மா இராது. வைகாசி மாதத்துக் கருட சேவையன்று வரதராஜப் பெருமாளைத் தோளில் சுமந்துகொண்டு ஸ்ரீபாதம் தாங்கிகள் விரைவார்கள். அதற்குக் காரணம் உண்டு. காலையில் பஸ்ஸைப் பிடிக்க உத்தியோகஸ்தர்கள் ஓடுவார்கள். அதற்கும் காரணம் உண்டு. ஆனால் நாற்பது வயதைக் கடந்த ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர், விடியற்காலை ஐந்து மணிக்கு, அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, கைலாசநாதர் கோயிலுக்கும் பாலாற்றுக்கும் நடுவே மூச்சு வாங்க ஓடுகிறார் என்றால் அதற்கு என்ன காரணம் சொல்வது?

"வாத்தியாரை நாய் துரத்துகிறதோ?" என்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு பாட்டி உரக்கக் கேட்டாள்.

"நாய் இல்லை, பாட்டி! சர்க்கரை துரத்துகிறது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் சொன்னது வேடிக்கை அல்ல. என் தகப்பனார் பட்டு நெசவாளர். நாற்பது வருஷ காலம் குழித்தறியில் உட்கார்ந்து, ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் ஜரிகைப் புடவை நெய்தார். அவருடைய கைகள் நாள் முழுவதும் ஓடின. கால்கள் குழிக்குள்ளே மிதித்துக்கொண்டிருந்தன. உடம்பு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நீரிழிவு வந்தது. முதலில் கால் விரல் ஒன்று போயிற்று. பிறகு இன்னொன்று. தறியை விட்டு அவர் எழுந்த நாளில், தறியின் ஓசை நின்ற வீடு எப்படி இருக்கும் என்பதை அறிந்தேன். எனக்கு நாற்பது வயதானபோது வைத்தியர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்கள் அப்பாவின் சொத்தில் உங்களுக்கும் பங்கு வந்திருக்கிறது" என்றார். மறுநாளே நான் நடக்கத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் நடை ஓட்டமாயிற்று.

ஓடுவதற்கு எங்கள் ஊர் தோதான ஊர் என்று சொல்ல மாட்டேன். ராஜ வீதிகளில் வண்டிகளின் நெருக்கடி. நெசவாளர் தெருக்களிலோ, சில நாட்களில் விடியற்காலையிலேயே தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் ஓடுவது மகா பாவம். ஆகவே ஊரைச் சுற்றிக்கொண்டு செவிலிமேட்டுப் பக்கம் போய்ப் பாலாற்று மணலில் இறங்கிவிடுவேன். வருஷத்தில் பெரும்பகுதி நீரில்லாமல் கிடக்கும் ஆறு அது. மணலில் ஓடுகிறவனுக்கு அகங்காரம் தங்காது. இரண்டு அடி முன்னே வைத்தால் ஓர் அடி பின்னே இழுக்கும்.

இப்படி இரண்டு வருஷம் போன பிறகு, எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு உபாத்தியாயர் ஒரு சமாசாரம் கொண்டு வந்தார். புதுச்சேரிக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஆரோவில்லில், பிப்ரவரி மாதத்தில் ஒரு மாரத்தான் ஓட்டம் நடத்துகிறார்கள். 2008-ஆம் ஆண்டில் தொடங்கியது. தார் ரோட்டில் அல்ல, காட்டுப் பாதையில் ஓட வேண்டும் என்றார். முழு ஓட்டம் 42 கிலோமீட்டர் சொச்சம். அரை ஓட்டம் 21. இவற்றைவிட என் மனத்தைக் கவர்ந்தது வேறு ஒன்று. அந்த ஓட்டத்தில் பரிசு கிடையாது. முதலாவது வந்தவர், இரண்டாவது வந்தவர் என்ற விளம்பரம் கிடையாது. ஓடுகிற ஆனந்தத்துக்காக ஓட வேண்டியது; அவ்வளவுதான்.

"மதிப்பெண் இல்லாத பரீட்சை!" என்று நான் ஆச்சரியப்பட்டேன். இருபது வருஷமாகச் சரித்திரப் பாடம் நடத்தி, சிவப்பு மையால் மதிப்பெண் போட்டே விரல் காய்த்துப் போனவனுக்கு அது அதிசயமாகத்தானே இருக்கும்? அரை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். கொடுத்ததோடு சும்மா இருந்தேனா? பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லி வைத்தேன்.

இங்கே ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஜனவரி மாதத்துத் திருப்புதல் தேர்வில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் துண்டுக் காகிதத்தைப் பார்த்து எழுதியதைக் கண்டுபிடித்தேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. மாலை வேளைகளில் தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோர்வைப் புடவைக்கு ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுப்பவன். காகிதத்தை வாங்கிக்கொண்டு அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. வகுப்பின் முன்னால் நிற்க வைத்து, குறுக்கு வழியின் இழிவைப் பற்றிக் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பையன் தலை நிமிரவே இல்லை. பிரசங்கம் நன்றாக அமைந்துவிட்டதென்று எனக்குப் பரம திருப்தி.

*

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் பிரயாணம் செய்து, புதுச்சேரியில் உறவினர் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் இருட்டோடு ஆரோவில் போய்ச் சேர்ந்தேன்.

1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி, 124 தேசங்களின் மண்ணை ஒரு கலசத்தில் இட்டு அந்த ஊரைத் தொடங்கியபோது, அந்த மேட்டு நிலம் பெரும்பாலும் வெறும் செம்மண் பொட்டலாக இருந்தது. மழை நீர் அரித்து அரித்துப் பள்ளத்தாக்குகள் விழுந்திருந்தன. வந்து குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து ஜனங்களும் வரப்புக் கட்டி, மழை நீரைத் தேக்கி, ஆண்டுக்கணக்காகக் கன்று நட்டு அதைக் காடாக்கினார்கள். நாங்கள் ஓடப்போவது அந்தக் காட்டுக்குள்ளேதான்.

தார் ரோட்டில் ஓடுவதற்கும் காட்டுப் பாதையில் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் பத்து நிமிஷத்திலேயே விளங்கிவிட்டது. ரோட்டில் ஓடுகிறவன் எதையாவது நினைத்துக்கொண்டு ஓடலாம். காட்டில் அடுத்த அடியைத் தவிர வேறு எதையும் நினைக்க இடமில்லை. நெற்றியில் கட்டிய சிறு விளக்கின் வெளிச்சத்தில் வேர் தெரிகிறது, கல் தெரிகிறது, திடீரென்று பள்ளம் தெரிகிறது. ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு விதம். ஆகையால் ஒரே தசை ஓயாமல் உழைப்பதில்லை. ஆனால் கணுக்காலுக்கு ஓய்வே இல்லை. இருட்டில் யாரும் பேசவில்லை. நூற்றுக்கணக்கான பாதங்கள் செம்மண்ணில் பதியும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தெரு முழுவதும் தறிகள் ஓடும்போது தூரத்திலிருந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

பொழுது புலர்ந்தது. முந்திரி மரங்களுக்கும் பனை மரங்களுக்கும் நடுவே பாதை ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் எனக்குச் சற்று முன்னால் சிறு சிறு அடியாக வைத்து ஓடிக்கொண்டிருந்தார். தண்ணீர் வைத்திருந்த இடத்தில் நான் வேர்த்து நின்றதைப் பார்த்து, தம் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளைகளில் பாதியை எனக்குக் கொடுத்தார். "மெதுவாக வாருங்கள், தம்பி! காடு எங்கேயும் போய்விடாது" என்றார்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் என் வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. முதலில் முணுமுணுத்தது, பிறகு அலறியது. அந்த அம்மாள் வளைவில் மறைந்துவிட்டார். என் பின்னாலும் யாரும் இல்லை. அப்போது இடது பக்கம் ஒற்றையடிப் பாதை ஒன்று கண்ணில் பட்டது. மரங்களினூடே பார்த்தால், நாங்கள் ஓட வேண்டிய பாதை பெரிய வளையமாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி வருவது தெரிந்தது. அங்கே ஓடுகிறவர்களின் சட்டை நிறங்கள் அசைந்தன. எந்த வழியாகப் போக வேண்டுமென்ற அடையாளம் தெளிவாகவே இருந்தது. வழி தவறினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

அந்த இடத்தில் நின்று யோசிக்கும் உரிமை எனக்கு இருந்தது. "முழங்கால் வலிக்கிறது, இதோடு போதும்" என்று நிறுத்திக்கொள்ளும் உரிமையும் இருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் யோசிக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஒற்றையடிப் பாதையில் புகுந்துவிட்டேன்.

மூன்று கிலோமீட்டர் எனக்கு மிச்சமாயிற்று.

முடிவிடத்தில் கை தட்டி வரவேற்றார்கள். மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். வெகு நேரம் கழித்து அந்த அம்மாள் வந்து சேர்ந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அடே! நீங்கள் எப்போது என்னை முந்தினீர்கள், தம்பி? நான் பார்க்கவே இல்லையே! கெட்டிக்காரர்தான்" என்றார். அந்தக் குரலில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. நான் ஏதோ முணுமுணுத்துவிட்டு, செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் தலை நிமிராமல் நின்றானே, அதன் அர்த்தம் எனக்கு அந்த மரத்தடியில் விளங்கியது.

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. சரித்திர உபாத்தியாயன் அல்லவா? எனக்கு முன்னோர்கள் யார் யார் என்று மனம் கணக்கெடுத்தது. 1896-ஆம் ஆண்டில், ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் மூன்றாவதாக வந்த பெலோகாஸ் என்பவர், வழியில் கொஞ்ச தூரம் வண்டியில் வந்தார் என்று தெரிந்து, அவருடைய இடத்தைப் பறித்துவிட்டார்கள். 1904-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லார்ஸ் என்பவர் சுமார் பதினொரு மைல் தூரம் மோட்டாரில் வந்து, பிறகு இறங்கி ஓடி, முதலாவதாக வந்தவர் என்று ஆரவாரத்தையும் பெற்றார். உண்மை வெளியானதும், வேடிக்கைக்காகச் செய்ததாகச் சொன்னார். அவரை விலக்கி வைத்தார்கள். பிறகு மன்னித்துச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் பாஸ்டன் மாரத்தானில் அவர் நேர்மையாக ஓடியே வெற்றி பெற்றார்.

அவர்களுக்காவது ஒலிம்பிக் பெருமை என்ற ஆசை இருந்தது. பரிசே இல்லாத ஓட்டத்தில் நான் எதற்காக ஏமாற்றினேன்? வந்தவாசி தாண்டுவதற்குள் விடை கிடைத்துவிட்டது. பரிசை நானே ஏற்படுத்திக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் "21 கிலோமீட்டர் ஓடினேன்" என்று சொல்லப்போகிறேனே, அந்த வாக்கியந்தான் பரிசு. அதைக் கொடுப்பவனும் நானே, வாங்குபவனும் நானே.

வீட்டில் மனைவி, "முழுதும் ஓடினீர்களா?" என்று ஆவலோடு கேட்டாள். "காலுக்கு ஒத்தடம் கொடு" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் என்னை வானளாவப் புகழ்ந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தேன். பாடப் புஸ்தகத்தை விரித்தேன், மூடினேன். கடைசியில் சொல்லிவிட்டேன். "நான் 21 கிலோமீட்டர் ஓடவில்லை. மூன்று கிலோமீட்டர் குறுக்கு வழியில் வந்தேன். யாரும் பார்க்கவில்லை. போன மாதம் உங்களுக்குப் பிரசங்கம் செய்தவன் நான்தான்." பிறகு அந்தப் பையனைப் பார்த்து, "நீ காகிதம் பார்த்து எழுதியது தப்புத்தான். ஆனால் உன்னை எல்லோர் முன்பும் அப்படி நிற்க வைத்துப் பேசியது என் தப்பு" என்றேன்.

வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மணி அடித்த பிறகு அந்தப் பையன் என் மேஜையருகே வந்தான். ஏதோ ஆறுதல் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு.

"அந்த மூணு கிலோமீட்டர் பாக்கி இருக்கே, ஸார். எப்போ ஓடுவீங்க?"

நான் விழித்தேன்.

"பாவிலே இழை அறுந்தா அப்பா விடமாட்டார், ஸார். நிறுத்தி, முடிச்சுப் போட்டுட்டுத்தான் மேலே நெய்வார். விட்டுட்டு நெய்தா, அந்தக் கோடு புடவை முழுக்க வரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலில் மூன்று கிலோமீட்டர் ஓடினேன். சாட்சிக்கு அவனும் வந்தான். வெறுங்காலோடு என் பின்னால் ஓடிவந்தவன், பாதித் தூரத்தில் என்னைத் தாண்டிப் போய், கரைமேல் உட்கார்ந்து காத்திருந்தான். காட்டில் விட்டது மணலில் நேராகிவிடாது என்பது எனக்குத் தெரியும். பதினெட்டும் மூன்றும் இருபத்தொன்று என்பது கணக்கு உபாத்தியாயரின் கணக்கு. ஆனால் முடிச்சு விழுந்தது.

அதற்குப் பிறகு வேறு சில காட்டுப் பாதைகளிலும் ஓடியிருக்கிறேன். சிலவற்றை முடித்தேன், சிலவற்றில் பாதியில் நின்று, "என்னால் முடியவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தைகளைச் சொல்ல நான்தான் வெகு நாள் பழக வேண்டியிருந்தது. சர்க்கரை இன்னும் துரத்திக்கொண்டுதான் இருக்கிறது; வைத்தியரின் சீட்டின்படி சற்றுப் பின்தங்கியிருக்கிறது. அப்பாவுக்குப் போன விரல்கள் எனக்கு இன்னும் பத்தும் இருக்கின்றன.

அந்தப் பையன் இப்போது வளர்ந்து ஆளாகிவிட்டான். எப்போதாவது ராஜ வீதியில் எதிர்ப்பட்டால், மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறான்:

"பாக்கி ஏதாவது உண்டா, ஸார்?"