காஜாவுக்கு ஒரு பத்தி

18.11.2024, திங்கள்

மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் நேரத்தில் கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி என் தையல் கடைக்கு வந்தார். மத்திய அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பாம்.

"போன 30 நாள்ல கடையில வருமானம் எவ்வளவுண்ணே?"

நடுவில் தீபாவளி. வாடகை, கரண்டு, நூல், கேன்வாஸ் எல்லாம் போக 31,000 என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இதையே மார்கழி முடிவில் கேட்டிருந்தால் பாதிகூடத் தேறாது. கல்யாணம் இல்லாத மாசம்.

"கூட யாராவது வேலை செய்றாங்களா?"

"சம்சாரந்தான். காஜா எடுப்பா, பட்டன் கட்டுவா, எம்மிங் பண்ணுவா."

"சம்பளம்?"

சிரித்தேன். 'ஊதியமில்லாத உதவியாளர்' என்று பதிந்துகொண்டு போய்விட்டார்.

19.11.2024, செவ்வாய்

மகள் போனில் தேடிப் படித்தாள். 2023-24 கணக்கில், நாட்டில் வேலை செய்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில்காரர்கள். அதில் சொந்தமாக நடத்துகிறவர்கள் 39. சம்பளமில்லாமல் கூடமாட உழைப்பவர்கள் 19.4. சுயதொழில்காரர்கள் மூன்று பேரில் ஒருவர் என் சம்சாரத்தைப் போல.

"வேலை மனசுக்குப் பிடிச்சிருக்கான்னு கேக்கலையாப்பா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால்? திருப்பூரில் ஏழு வருஷம் ஓவர்லாக் மெஷினில் பனியனுக்குக் கை மட்டும் வைத்தேன். ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை தவறாமல் காசு. முழுசாக ஒரு பனியன் தைத்ததில்லை. மதுரைக்கு வந்து கடை போட்டு 18 வருஷம். இன்றைக்கும் காலரைத் திருப்பி, கத்தரி முனையால் மூலையைத் தள்ளி, இரண்டு முனையும் ஒன்றுபோலக் கூராக வந்தால்தான் மூச்சு விடுவேன். அந்தச் சட்டைக்காரர் தெருவில் போனால் என் கண் முகத்துக்குப் போகாது, காலருக்குத்தான் போகும். இந்தச் சந்தோஷத்துக்காக எவ்வளவு வருமானத்தை விடலாம் என்றால், வாடகை கொடுக்கும் நாளுக்கு முன்னால் ஒரு பதில், பின்னால் ஒரு பதில்.

20.11.2024, புதன்

கணக்கு நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டேன். காஜா, பட்டன், எம்மிங்: உருப்படிக்கு 25 ரூபாய். அந்த 30 நாளில் 112 உருப்படி. சம்சாரத்தின் பங்கு 2,800. என் 31,000 சட்டென்று 28,200 ஆனது.

நோட்டை நீட்டினேன். ஊசியைப் புடவைத் தலைப்பில் குத்திவிட்டு, வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"சரிங்க, 18 வருஷப் பாக்கி எந்தப் பக்கத்துல இருக்கு?"