தோன்றா எழுவாய்

ஒரு சமுதாயத்தாரில் நூற்றுக்கு எத்தனை பேர் உழைக்கின்றனர் என்னும் கணக்கை, அச்சமுதாயத்தின் பொருள்நிலையைக் காட்டும் அளவுகோலாகப் பொருளியலார் கொள்வர். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டுச் சமயத்தாரை இவ்வாறு பிரித்து எண்ணியபோது, மக்கள் அனைவரிலும் உழைப்போர் நூற்றுக்கு 39.1; முஸ்லிம்களில் 31.3. பெண்களை மட்டும் நோக்கினால் நாடு முழுமைக்கும் 25.6, முஸ்லிம் பெண்டிர் 14.1.

இவ்வெண்களைக் கண்டு ஒரு சாரார், 'இச்சமுதாயம் பெண்ணை வீட்டில் பூட்டி வைக்கிறது' என்றனர். நம்மவருள் சிலரோ, 'உழைத்துண்ண வேண்டாத கண்ணியத்தில் நம் பெண்டிர் வாழ்கின்றனர்' எனப் பெருமிதம் கொண்டனர். இரு சாராரும் நம் வீடுகளின் பின்கட்டை எட்டிப் பார்த்தவரல்லர்.

அக்கணக்கெடுப்பின்போது நாம் மேலப்பாளையத்தில் ஓதிக்கொடுத்து வந்தோம். எண்ண வந்தவர் வெளியூர்க்காரர், தெருக்களை அறியார். ஆகவே ஒரு முற்பகல் அவருடன் நடந்தோம். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரிடம், "வீட்டிலே பெண்கள் என்ன வேலை பார்க்கிறாங்க?" என வினவினார். "வேலையா? சும்மாதான் இருக்காஹ" என்று விடை வந்தது. அவ்வேளையிலும் உள்ளே கத்தரி இலை வெட்டும் ஓசை ஓயவில்லை. மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள், அருகே நீர் தெளித்து ஈரத்துணியில் பொதிந்த இலை. மாலைக்குள் ஆயிரம் பீடி சுற்றி நூல் கட்டியாக வேண்டும். பெரியவர் பொய்யுரைத்தார் என்று நாம் கருதவில்லை. வேலை என்பது வாசற்படி தாண்டிப் போவது என்பது அவர் அகராதி. நாம் எடுத்துரைத்த பின்னர், இருவரை வீட்டுத் தொழில் புரிவோராகப் பதிந்தார் வந்தவர். நாம் உடன் செல்லாத தெருக்களில் என்ன பதிவாயிற்றோ!

அரபு இலக்கணத்தில் 'கதப' என்னும் ஒரே சொல் 'அவன் எழுதினான்' எனப் பொருள்படும். எழுதியவன் வினைக்குள்ளேயே மறைந்திருக்கிறான். 'ளமீர் முஸ்ததிர்' என அவனைக் குறிப்பர். தமிழார் தோன்றா எழுவாய் என்றனர். மறைந்துள்ளான் என்றனரேயன்றி, இல்லை என்று எந்த இலக்கணத்தாரும் கூறத் துணியவில்லை. கணக்காளர்க்கே அத்துணிவு வாய்த்தது. ஆயினும் அவர்தம் ஏட்டிலேயே ஒரு சான்று கிடக்கிறது. உழைப்போராகப் பதியப்பட்ட முஸ்லிம்களுள் வீட்டுத் தொழில் செய்வோர் நூற்றுக்கு 8.1, நாட்டின் அளவோ 4.2தான்.

இன்னொன்றும் காண்க. அதே கணக்கில் ஜைனப் பெண்டிருள் உழைப்போர் 9.2, நம் பெண்டிரினும் குறைவு. அவர்களை வறியர் என்று எவரும் சொல்லார். அவருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 90.6, நம் பெண்டிருள் 50.1. தாழ்ந்த எண் ஓரிடத்தில் செல்வத்தால் விளைகிறது. வேறோரிடத்தில் வேறு காரணத்தால். போதாக்குறைக்கு, வகுக்கும் எண்ணில் தொட்டிற்குழந்தையும் சேர்கிறது. ஆறு வயது வரையிலான பிள்ளைகள் முஸ்லிம்களில் நூற்றுக்கு 18.7, ஜைனரில் 10.6 என்றால், பிள்ளை மிகுந்த வீட்டின் விழுக்காடு தாழாமல் என்ன செய்யும்?

விழுக்காடு உயர்ந்தால் மட்டும் மகிழ்ந்துவிடலாமா? கல்லூரிக்குச் செல்லும் பெண்ணால் அது தாழும். ஏழாம் வகுப்போடு நின்று முறத்தை மடியில் ஏந்திய சிறுமியால் உயரும். பெண்மக்களைப் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

எண்ணப்படாமற் போவதால் நேரும் இழப்பு ஏட்டோடு நிற்பதன்று. பீடித் தொழிலாளர்க்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றது. 1976இல் அவர்க்கென நலநிதிச் சட்டமும் வந்தது. மருத்துவ உதவி, பிள்ளைகளின் கல்விக்குத் தொகை எனப் பயன்கள் இருந்தன. ஆனால் பெயர் ஏட்டில் இருக்க வேண்டும். ஒருத்தி பெயரிலுள்ள புத்தகத்துக்கு மூவர் சுற்றிய வீடுகளை நாம் அறிவோம். நாற்பதாண்டு சுற்றி விரல் மரத்த ஒரு மூதாட்டியின் பெயர் எவ்வேட்டிலும் இருந்ததில்லை. அவர் மகளுக்காவது தனிப் புத்தகம் கிடைக்கட்டும் என்று மனு எழுதித் தந்தோம். எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று கேட்டு, பதினெட்டு எனக் குறித்தோம். அப்பெண்ணுக்கு அப்போது வயது முப்பது.