ஒரே கண்மாய், பன்னிரண்டு மாசம்

போன வாரம் ஓபியில ஒரு பெரியவருக்கு பிபி பாத்துட்டு இருந்தேன். மேசை மேல கிடந்த என் போன்ல இருந்த படத்தைப் பாத்துட்டு, "இது எந்த ஊரு சார், ஊட்டியா?"ன்னார். "நம்ம ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கற கண்மாய்தான்யா"ன்னேன். நம்பவே இல்ல. அந்தக் கரையிலதான் அவர் சின்ன வயசுல இருந்து மாடு மேய்க்கிறார்!

அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். மருத்துவம் குறைச்சலாத்தான் வரும், திட்டாதீங்க.

முதல்ல ஒண்ணு. நான் போட்டோகிராபர் இல்ல. கையில இருக்கறது கீறல் விழுந்த பழைய போன். ஊரு சிவகங்கைப் பக்கம். மலை கிடையாது, அருவி கிடையாது, இலை சிவக்கற காலமும் கிடையாது. "நம்ம ஊர்ல என்னங்க சீசன், வெயிலு, நல்ல வெயிலு"ன்னு நானும் சொல்லிட்டு இருந்தவன்தான்.

நெஞ்சு எக்ஸ்ரேவுல ஏதாவது நிழல் தெரிஞ்சா நாங்க முதல்ல கேக்கறது, "பழைய படம் இருக்கா?"ன்னுதான். அது போன மாசம் வந்ததா, பத்து வருஷமா அங்கேயே இருக்கறதான்னு ஒத்தைப் படத்தை வெச்சு சொல்றது கஷ்டம். ரெண்டையும் பக்கத்துல மாட்டினா சட்டுனு தெரிஞ்சிடும். அதே வேலையைக் கண்மாய்க்குப் பண்ணிப் பாப்போமேன்னு தோணுச்சு. மடைக்கு மேல ஒரு கல் இருக்கு. அதுல ஏறி நின்னு, கிழக்கே பாத்து, எதிர்க்கரையில இருக்கற ஒத்தைப் பனைமரம் நடுவுல வர்ற மாதிரி, போனைப் படுக்கையா பிடிச்சு ஒரு படம். டூட்டி இல்லாத நாள்ல எல்லாம், சூரியன் கிளம்பற நேரத்துக்கு. அவ்ளோதான்.

ஆரம்பிச்சது மார்கழியில. பனிமூட்டம் பாக்க அழகா இருந்துச்சு, படத்துல மட்டும் அழுக்குத் துணி மாதிரி விழுந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சது. வெள்ளையா நிறைய தெரிஞ்சா வெளிச்சம் அதிகம்னு போன் நினைச்சுக்கும், அதுவா இருட்டாக்கிடும். திரையைத் தொட்டா சின்னதா ஒரு சூரியன் குறி வரும்ல, அதைக் கொஞ்சம் மேல தள்ளுங்க. பனி பனியா வரும். சூரியன் வந்ததும் அதையே கீழ தள்ளுங்க, பனைமரம் கருப்பா கோட்டோவியம் மாதிரி நிக்கும். தட்டானை எடுக்கணும்னா மார்கழி விடியலை விட்டுடாதீங்க. குளிர்ல உடம்பு சூடேறாம அதால பறக்க முடியாது, றெக்கை முழுக்கப் பனித்துளியோட புல்லு மேல சும்மா உக்காந்திருக்கும்.

ஆறு மாசம் கழிச்சு ஒரு நைட் டூட்டியில, கேஸ் வராத நேரத்துல படங்களை வரிசையா தள்ளிப் பாத்தேன். தூக்கம் போயிடுச்சு. மார்கழியில பனைமரத்துக்கு வலது பக்கம், தெற்கே தள்ளி உதிச்ச சூரியன், நகர்ந்து நகர்ந்து ஆனியில மரத்தைத் தாண்டி இடது பக்கம் போயிருக்கு. கையை நீட்டி அளந்தா ரெண்டு சாணுக்கு மேல! உத்தராயணம், தட்சிணாயனம்னு நாள்காட்டியில படிச்சிருக்கேன். எம்பிபிஎஸ் முடிச்சு இத்தனை வருஷம் ஆகி, அதை என் கண்ணால பாத்தது அன்னிக்குத்தான்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் தனி முகமா தெரிய ஆரம்பிச்சுது. சித்திரை பொறக்கும்போது உச்சி வெயில் நேரா தலைக்கு மேல, மரத்தோட நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடக்கும். ஆவணியில இன்னொரு தடவை இப்படி வரும். அந்த நேரத்துல கண்மாய் வெடிப்பை எடுத்தா தட்டையா விழும். அதே வெடிப்பைக் காலைச் சாய்வெயில்ல எடுங்க, ஒவ்வொரு பாளமும் தனித்தனியா எந்திரிச்சு நிக்கும். ஆடியில பனையோலை மொத்தமும் ஒரே பக்கம் பறக்கும், அதை எடுக்க எந்தத் திறமையும் வேணாம். முதல் மழை விழுந்து ரெண்டு மூணு நாள் தம்பலப்பூச்சி வரும். சிவப்பு வெல்வெட்ல பொட்டு வெச்ச மாதிரி ஈர மண்ணுல ஊரும். குப்புறப் படுத்துத்தான் எடுக்கணும். சட்டைக்கு வீட்டுல திட்டு விழும்.

படுக்கறதுக்கு முன்னாடி டாக்டரா ஒரு வார்த்தை. மழைக்காலப் புல்லுல செருப்போட இறங்காதீங்க, ஷூ போடுங்க. பாம்பு கடிச்சிட்டா கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, கடிபட்ட காலை அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. "டாக்டர் கேப்பார்"னு கடிச்ச பாம்பை போட்டோ எடுக்கப் பின்னாடியே ஓடாதீங்க. நாங்க கேக்க மாட்டோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் ஒரே மருந்துதான்.

நடுவுல ஒரு மாசத்தை வேணும்னேதான் தாண்டி வந்தேன். வைகாசி.

முதல் வருஷம். டூட்டி முடிச்சு வரும்போது மணி பத்து. வத்திப்போன கண்மாய்க்குள்ள ஒரு ஆள்காட்டிக் குருவி கத்தித் தீர்க்குது. கிட்டப் போனா, நாலு முட்டை. கூடுன்னே சொல்ல முடியாது, தரையில ஒரு குழி, சுத்தி கூழாங்கல். மண் நிறத்துல கருப்புத் திட்டு, தள்ளி நின்னா எது கல்லு எது முட்டைன்னே தெரியாது. ஆசை விடல. உக்காந்து, படுத்து, கோணம் மாத்தி இருபது நிமிஷம் எடுத்தேன். தலைக்கு மேல ரெண்டு குருவியும் சுத்திச் சுத்திக் கத்திட்டே இருந்துச்சு. நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதான். போட்டேன், லைக் குவிஞ்சுது.

ரெண்டு நாள் கழிச்சுப் போனா குழி காலி. ஒரு துண்டு ஓடு மட்டும் கிடந்துச்சு.

அங்க ஆடு மேய்க்கற ஆத்தா ஒருத்தங்க, நம்மகிட்டதான் சுகர் மாத்திரை வாங்குவாங்க. "என்ன ஆச்சு ஆத்தா?"ன்னு கேட்டேன். "நீ நின்ன எடத்தைத்தான் தம்பி அன்னைக்குக் காக்கா பாத்துக்கிட்டே இருந்துச்சு"ன்னாங்க. திட்டல, சாதாரணமாத்தான் சொன்னாங்க.

அப்புறம்தான் படிச்சேன். வைகாசி வெயில்ல அடைகாக்கறது சூடு ஏத்த இல்ல, சூடு குறைக்க. ஆணும் பெண்ணும் மாறி மாறி முட்டைக்கு நிழலா நிக்கும். தண்ணியில போய் வயித்து இறகை நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காரும். நான் குப்புறப் படுத்திருந்த இருபது நிமிஷமும் அந்த முட்டைக்கு நிழலும் இல்ல, ஈரமும் இல்ல. காக்காவா, கீரியா, நானான்னு நிரூபிக்க முடியாது. படத்தை அழிச்சேன்.

இப்ப நான் பிடிச்சிட்டு இருக்கறது இதுதான்: பறவை செஞ்சிட்டிருந்த வேலையை என்னைப் பாத்து நிறுத்திட்டா, நான் அளவுக்கு மீறிக் கிட்ட வந்துட்டேன். உடனே பின்னாடி நடக்கணும். கூட்டுல படமே வேணாம். கூடு இருக்கற இடத்தை இணையத்துல சொல்லவும் வேணாம்.

இந்த வைகாசியிலயும் அதே கண்மாய்ல ஒரு ஜோடி இருந்துச்சு. நான் மடைக்கல்லை விட்டு இறங்கல. நடுக்குட்டையில ஒண்ணு வயித்தை நனைச்சிட்டு, தத்தித் தத்தி நடந்து வந்து வெடிப்பு மண்ணுல உக்கார்றதை அங்க இருந்தே எடுத்தேன். கடைசியில படத்தை ஆத்தாகிட்ட காட்டினேன். கண்ணைச் சுருக்கி, போனைத் தள்ளிப் பிடிச்சு, கிட்டக் கொண்டுவந்து ரொம்ப நேரம் பாத்தாங்க.

"குருவி எங்க தம்பி?"