முப்பது கிலோவுக்குள் ஒரு ஊர்

ஆந்திர எல்லையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் பெட்டியில் ஊறுகாய்க்கு இடம் உண்டா, இல்லையா? தீர்ப்புச் சொல்வது விமானக் கம்பெனியின் தராசு.

வளைகுடாவுக்குப் பயணம் என்று முடிவானதும் குடிபாலா பக்கத்து வீடுகளில் முதலில் தேடப்படும் பொருள் தராசு. மளிகைக் கடைக்காரரிடம் எலெக்ட்ரானிக் தராசு இருக்கும். ஆனால் அதன் தட்டில் பெரிய பெட்டி நிற்காது. பழைய பேப்பர்காரரின் கொக்கித் தராசு இரவல் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதுவும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது ஆள் எடை பார்க்கும் கருவி. வீட்டில் பலசாலியான ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் மேல் ஏறி நிற்பார். பிறகு வெறும் ஆளாக ஏறுவார். கழித்தால் வருவது பெட்டியின் எடை. இப்படி ராத்திரி பத்து மணிக்குக் கணக்குப் போடும் வீட்டில் மறுநாள் விடிவதற்குள் பெட்டி நான்கு முறையாவது திறந்து மூடப்படும்.

சித்தூருக்குத் தெற்கே, வேலூர் செல்லும் சாலையில் இருக்கும் மண்டலத் தலைமையிடம் குடிபாலா. இரண்டு ஊர்களுமே அரை மணி, முக்கால் மணி தூரம்தான். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இந்தப் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்துக்குள் போனது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது, சித்தூர் திரும்பவில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று இரண்டு மொழிகளும் சகஜமாகப் புழங்குவது அதனால்தான். பெட்டிக்குள்ளும் இரண்டு மாநிலங்கள் சேர்ந்தே பயணம் செய்கின்றன. ஆவக்காயும் கந்திப் பொடியும் ஒரு பக்கம், முறுக்கும் புளிக்காய்ச்சலும் மறுபக்கம்.

சித்தூர், கடப்பை, அன்னமய்யா மாவட்டங்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் அமீரகத்துக்கும் போவது பல பத்தாண்டுப் பழக்கம். ஆண்கள் டிரைவர்களாக, கட்டுமானத் தொழிலாளர்களாகப் போகிறார்கள். பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பலருக்கு ஒப்பந்தம் இரண்டு வருடம். ஆக, இரண்டு வருடத்துக்கான ஊர் அந்தப் பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். டிக்கெட்டில் பெரும்பாலும் எழுதியிருப்பது 30 கிலோ. மலிவு டிக்கெட் என்றால் 25, சில சமயம் 20. கையில் கொண்டுபோக 7 கிலோ.

அந்த 30 கிலோவும் முழுசாகக் கைக்கு வராது. சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் காலியாகவே நான்கு, ஐந்து கிலோ இருக்கும். ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடிக்குத் தனி எடை. விமான நிலையத்தில் அட்டைப் பெட்டிகளைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது. அட்டைப் பெட்டி சுமார் ஒரு கிலோதான். சூட்கேஸை விட்டுவிட்டு அதைக் கட்டினால் மூன்று கிலோ மிச்சம். வீட்டு நிலக்கடலை மூன்று கிலோ உள்ளே போகும்.

பெட்டி கட்டும் இரவில் அனேகமாக எல்லா வீட்டிலும் நடக்கும் வாக்குவாதம் ஒன்று உண்டு. "ஏம்மா, இத்தன ஊறுகா எதுக்கு? வெயிட்டு ஏறுது பாரு" என்பான் மகன். "ரூம்ல எட்டு பேரு இருக்கீங்கன்னியே, ஒரு டப்பா எந்த மூலைக்கு?" என்பார் அம்மா. இரண்டு பேர் சொல்வதும் நியாயம். தராசுக்கு மட்டும் அது புரியாது.

திருப்பதி பக்கத்தில் இருப்பதால் இன்னொரு எடையும் சேரும். சொந்தக்காரர்கள் யாராவது மலைக்குப் போய் வந்திருப்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு ஒவ்வொன்றும் 160லிருந்து 180 கிராம் வரை இருக்கும். அறைத் தோழர்களுக்கு ஆளுக்கொன்று, முதலாளி வீட்டில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் என்று பத்து லட்டு வைத்தால் ஒன்றே முக்கால் கிலோ. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராது. அதனால் குறைவது ஜீன்ஸ் பேன்ட்டாகத்தான் இருக்கும்.

எடை சரியாகிவிட்டால் போதுமா? எதை வைக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். கொப்பரைத் தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானப் போக்குவரத்து விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன. இந்தியாவில் 2022இல் பயணிகளின் பெட்டியில் அதைக் கொண்டுபோவது தடை செய்யப்பட்டது. பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். அதைக் கையில் வைத்திருக்க வேண்டும், பெட்டியில் போடக்கூடாது. எக்ஸ்ரேயில் மாட்டினால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பாடுபட்டுக் கட்டிய பெட்டி எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கப்படும்.

கசகசாவின் கதை இன்னும் விபரீதமானது. குருமாவுக்கு அரைக்கும் இந்தச் சாதாரண மளிகைச் சாமான் அபினிச் செடியின் விதை. அமீரகம் உள்பட வளைகுடா நாடுகளில் இது தடை செய்யப்பட்ட பொருள். அங்கே இறங்கும் பெட்டியில் நூறு கிராம் கசகசா அகப்பட்டாலும் போதைப்பொருள் வழக்கு வரலாம். தானே வாங்கி வைத்தவர்கள் குறைவு. பக்கத்துத் தெருக்காரர், "எங்க பையனுக்குக் கொடுத்துடுங்க" என்று கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும். உறவுக்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கவுண்டரில் பெட்டியின் மேல் ஒட்டப்படும் சீட்டில் இருப்பது கொண்டுபோகிறவரின் பெயர். கொடுத்தனுப்பியவரின் பெயர் அதில் இருக்காது.

குடிபாலாவிலிருந்து விமானம் ஏற மூன்று வழிகள். சென்னைக்குக் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பெங்களூரு அதைவிடச் சற்றுக் கூடுதல். ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி விமான நிலையம்தான் பக்கம், இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். 2015 அக்டோபரில் அங்கே 'கருடா' என்ற புதிய முனையம் திறக்கப்பட்டது. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்ட பெங்களூரு–சென்னை அதிவேகச் சாலைத் திட்டத்திலும் குடிபாலாவின் பெயர் இருக்கிறது. பங்காருபாளையம்–குடிபாலா ஒரு பகுதி, குடிபாலா–வாலாஜாபேட்டை அடுத்த பகுதி.

பக்கத்தில் இருக்கிறதே என்று ரேணிகுண்டாவில் ஏறுபவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அங்கிருந்து ஹைதராபாத் போய், அங்கே வளைகுடா விமானம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் வெளிநாட்டுப் பயணத்துக்குரிய எடை அளவே உள்நாட்டுப் பகுதிக்கும் பொதுவாகப் பொருந்தும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் ரேணிகுண்டா கவுண்டரில் அவர் வெறும் உள்நாட்டுப் பயணி. உள்நாட்டில் சாதாரண டிக்கெட்டுக்கு இலவசம் 15 கிலோ. மீதி 15 கிலோவுக்கும் பணம் கட்ட வேண்டும். கிலோவுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ரூ. 9,000. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துபோகும்.

இந்த 15 கிலோவுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் உள்நாட்டு விமானங்களில் 20 கிலோ தாராளமாகக் கொண்டுபோகலாம். 2013இல் தனியார் நிறுவனங்கள் அதை 15 ஆக்கின. ஏர் இந்தியா வெகுநாள் 25 கிலோவை விடாமல் வைத்திருந்தது. டாடா கைக்குப் போன பிறகு 2023இல் 20, 2024 மே மாதத்திலிருந்து குறைந்த கட்டண டிக்கெட்டுகளுக்கு 15 என்று அதுவும் வரிசையில் சேர்ந்துகொண்டது. இடையில் அரசு தலையிட்டுப் பார்த்தது. 15லிருந்து 20 கிலோ வரையிலான கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு ரூ. 100க்கு மேல் வாங்கக்கூடாது என்று விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் 2016இல் உத்தரவிட்டது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2017 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதன் பிறகு கட்டணத்துக்குக் கடிவாளம் இல்லை.

பயணிகளின் குரலுக்கும் சில நேரம் பலன் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அமீரகத்திலிருந்து இந்தியா வரும் பயணிகளுக்கான இலவச எடையை 30லிருந்து 20 கிலோவாகக் குறைத்தது. வளைகுடா இந்தியர்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே 30 கிலோ திரும்பி வந்தது.

கூடுதல் எடைக்கு விமானத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது? ஒரு விமானம் தான் சுமக்கும் கூடுதல் எடையில் மணிக்கு 3லிருந்து 4 சதவீத அளவுக்கு எரிபொருளைக் கூடுதலாக எரிக்கும் என்பது பொதுவான கணக்கு. சென்னையிலிருந்து குவைத்துக்கு ஐந்து மணி நேரம் என்றால் 10 கிலோ பெட்டிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ எரிபொருள். அதன் விலை சில நூறு ரூபாய். கவுண்டரில் கேட்பது ஆயிரக்கணக்கில். பெட்டியை ஏற்றி இறக்க ஆள் வேண்டும், மிச்சமிருக்கும் இடத்தில் சரக்கு ஏற்றலாம், பெட்டி இல்லாமல் வருபவர் ஏன் மற்றவர் சுமைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டும் என்பவை கம்பெனிகளின் வாதங்கள். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மடிக்கணினியோடு பறக்கும் அதிகாரிக்கு அதனால் லாபம், இரண்டு வருடத்துக்குச் சாமான் கட்டும் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு நஷ்டம்.

இதே பெட்டியைக் காட்பாடியில் ரயில் ஏற்றினால் ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ வரை இலவசம், இரண்டாம் வகுப்பில்கூட 35. அதற்கு முன்பு கப்பல் காலம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலேயா, சிங்கப்பூர் போனவர்கள் டிரங்குப் பெட்டிகளில் குடித்தனத்தையே கொண்டுபோனார்கள். 1985இல் 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும், டிரங்குப் பெட்டியும் முடிவுக்கு வந்தன.

திரும்பி வரும்போது பிரச்சினை வேறு மாதிரி. பேரீச்சம்பழம், பால் பவுடர், சோப்பு, எடையைவிட இடத்தை அதிகம் அடைக்கும் கம்பளி. போர்வைக்குள் சாமானைச் சுருட்டிக் கயிறு கட்டிய உருண்டை மூட்டைகளை துபாய் விமான நிலையம் 2017 மார்ச்சிலிருந்து ஏற்பதில்லை. ஒரு பக்கமாவது தட்டையாக இருந்தால்தான் பெட்டிகளைக் கொண்டுபோகும் பட்டையில் சிக்காமல் நகரும் என்பது காரணம். 30 கிலோவையும் ஒரே பெட்டியில் வைக்கலாம். ஆனால் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பணம் கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள். தூக்குகிற தொழிலாளியின் முதுகெலும்புக்காக வைத்த வரம்பு அது.

இத்தனை பாடுபட்ட பெட்டி தொலைந்துபோனால்? 1929ஆம் ஆண்டு வார்சா ஒப்பந்தப்படி நஷ்ட ஈடும் எடை போட்டுத்தான் கொடுக்கப்பட்டது. பின்னாளில் அது கிலோவுக்கு ஏறத்தாழ 20 டாலர் என்று நின்றது. உள்ளே பட்டுப்புடவை இருந்தாலும் புளி இருந்தாலும் ஒரே விலை. இந்தியா 2009இல் சேர்ந்த மான்ட்ரீல் ஒப்பந்தம் அதை மாற்றி, ஆளுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்தது. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்குச் சற்று முன்பின். தானாக வராது. பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கவுண்டரில் தரும் சின்னச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் பலரும் முதலில் கிழித்துப் போடுவது அந்தச் சீட்டைத்தான்.

எடை கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் டிக்கெட்டோடு சேர்த்தே கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிடுவது நல்லது. கவுண்டரில் கேட்பதைவிட அனேகமாகக் குறைவாக இருக்கும். தராசில் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கவுண்டரில் மறுபடி போட்டுக் காட்டச் சொல்லலாம். காய்கறிக் கடைத் தராசைப் போலவே விமான நிலையத் தராசும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்கு உட்பட்டது. இரண்டுக்கும் முத்திரை வேண்டும்.

அனுபவப்பட்ட குடும்பங்கள் சென்னை விமான நிலையத்தில் இன்னொரு தந்திரம் வைத்திருக்கின்றன. டிக்கெட் இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவோடு வழியனுப்புதல் முடிந்துவிடும். ஆனாலும் கார் உடனே கிளம்பாது. "போர்டிங் பாஸ் வாங்கியாச்சு, நீங்க பொறப்படுங்க" என்று உள்ளேயிருந்து போன் வரும்வரை காத்திருக்கும். எடை கூடிப்போய் ஏதாவது வெளியே வந்தால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே. சில நாள் போன் மட்டும் வரும். சில நாள் காவலரிடம் கெஞ்சிக்கொண்டு வாசல் வரை வந்து, ஒரு ஊறுகாய் டப்பாவை நீட்டிவிட்டு மகன் உள்ளே ஓடுவான்.

அந்த டப்பா மூன்று மணி நேரம் பயணம் செய்து குடிபாலாவுக்கே திரும்பி வரும். மறுநாள் மதியம் அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஆவக்காய் இருக்கும். அம்மா மட்டும் தொட்டுக்கொள்ள மாட்டார்.